டெக்சஸும் ஏ அண்ட் எம்மும் இனி மோதுமா? (பிரியாணிக் கணக்கு உட்பட)

25 நவம்பர் 2011

கிண்டியில் என்னோடு படித்து, பிறகு மேல்படிப்புக்கு ஆஸ்டின் போன நண்பன் காலை ஆறு மணிக்கே கேட்டுவிட்டான்: "மாப்ள, அழுது முடிச்சாச்சா? இனிமே நீங்களும் நாங்களும் ஆடவே மாட்டோமா?"

அழவில்லை. தொண்டை போய்விட்டது, அவ்வளவுதான். நேற்று இரவு கைல் ஃபீல்டில் இருந்தேன். ஆய்வறிக்கை இழுத்துக்கொண்டே போனதில் கிடைத்த ஒரே லாபம், மாணவர் டிக்கெட்டில் இந்தக் கடைசி ஆட்டத்தைப் பார்த்தது. இரண்டு நிமிடம்கூட பாக்கி இல்லாத நேரத்தில் நாங்கள், அதாவது ஏ அண்ட் எம், டச்டவுன் போட்டு (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) 25–24 என்று முந்தினோம். இரண்டு புள்ளிக்கு முயன்றோம், கிடைக்கவில்லை. அப்போதே வயிற்றில் என்னவோ செய்தது. அவர்களுடைய கேஸ் மெக்காய் என்ற ஒல்லிப் பையன் பந்தோடு 25 யார்டு ஓடினான். ஜஸ்டின் டக்கர் 40 யார்டிலிருந்து உதைத்தான். கடிகாரம் பூஜ்யம். 27–25.

கேள்விக்குப் பதில்: கண்டிப்பாக ஆடுவார்கள். ஐந்து வருடத்துக்குள். 1915-லிருந்து ஒரு வருடம்கூட விடாமல் நடந்த ஆட்டம் இது. இதில் கிடைக்கும் பணத்தை இரண்டு பல்கலைக்கழகங்களும் எத்தனை வருடம் வேண்டாம் என்று சொல்லும்? நடக்காவிட்டால் ஒரு பிரியாணி என் செலவு.

26 நவம்பர் 2011

"என்ன ஃபுட்பால்? என்ன கைல்?" என்று இங்கே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சரி.

நம் ஊர் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுவார்களே, அந்த அமெரிக்க ஃபுட்பால். அதிலும் கல்லூரி அணிகள் ஆடுவது. டெக்சஸ் ஏ அண்ட் எம் இருப்பது காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில். கைல் ஃபீல்டு அங்கே எங்கள் அரங்கம். கல்லூரிக்காக ரயில் நின்ற இடம் என்பதால் அந்தப் பெயர், வேறு கற்பனை கிடையாது. அங்கிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகம். எங்கள் ஆட்களை 'ஆகி' என்பார்கள். விவசாயக் கல்லூரியாக இருந்த காலத்துப் பெயர். தமிழில் எழுதினால் வினையெச்சம் மாதிரி இருக்கிறது, என்னவாக ஆகி என்று கேட்காதீர்கள்.

அவர்களை நாங்கள் 'டீ-சிப்' என்போம். நாசூக்காக உட்கார்ந்து டீ உறிஞ்சுகிறவர்களாம். முதல் வருடம் ஒரு வெள்ளைக்கார சீனியர் இதை எனக்குப் பெரிய வசவாகச் சொல்லிக் கொடுத்தான். ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிக்கிற குடும்பத்திலிருந்து வந்தவனுக்கு அது எப்படி உறைக்கும்?

3 டிசம்பர் 2011

ஏன் பிரிந்தார்கள் என்று ஒருவர் கேட்கிறார். இந்த வருடம் ஜனவரியில் டெக்சஸ், இ.எஸ்.பி.என். என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனத்தோடு சேர்ந்து தனக்கென்று மட்டும் ஒரு தொலைக்காட்சி சேனல் அறிவித்தது. 20 வருடம், 300 மில்லியன் டாலர். ஒரே லீக்கில் இருந்துகொண்டு ஒருவனுக்கு மட்டும் தனி சேனல் என்றால் மற்றவன் என்ன செய்வான்? நாங்கள் இருவரும் இருந்த பிக் 12 லீக்கை விட்டு எஸ்.இ.சி. என்ற இன்னொரு லீக்குக்குப் போகிறோம். அடுத்த வருடம் ஜூலையிலிருந்து. டெக்சஸ் தன் அட்டவணையில் இடமே இல்லை என்கிறது.

நண்பன் இதை "கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போன தம்பி" என்று வர்ணிக்கிறான். தம்பியா? அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

4 டிசம்பர் 2011

எழுதிவிடுகிறேன், தூக்கம் வரவில்லை.

இது சாதாரண விளையாட்டுப் பகை இல்லை. அசல் பங்காளிச் சண்டை, பாகப்பிரிவினை உட்பட. ஏ அண்ட் எம் திறந்தது 1876-ல். டெக்சஸ் பல்கலைக்கழகம் திறந்தது 1883-ல். ஆக, வயதில் நாங்கள் மூத்தவர்கள். ஆனால் அதே 1876-ல் எழுதிய மாநில அரசியல் சட்டம், இனிமேல் வரப்போகிற பல்கலைக்கழகத்தின் கிளை என்று எங்களைக் குறித்துவைத்தது. பிறக்காத அண்ணனுக்கு, பிறந்த பிள்ளை தம்பி ஆன கதை.

சொத்து? மேற்கு டெக்சஸில் யாருக்கும் வேண்டாத பொட்டல் நிலத்தைக் கல்விக்கென்று ஒதுக்கினார்கள். ஆடு மேய்க்க வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். 1923-ல் அங்கே சாண்டா ரீட்டா என்ற கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? கடைசியில் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவர்கள் பக்கம், ஒரு பங்கு எங்கள் பக்கம் என்று முடிந்தது. இன்றைக்கும் அதே கணக்குதான். என் ஆராய்ச்சிக்கூடத்து ஏ.சி.கூட அந்த எண்ணெயில் ஓடியிருக்கலாம்.

எங்கள் ஊரில் வாய்க்கால் வரப்புக்காக முப்பது வருடம் பேசாத இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் என்ன சமையல் என்பது வரை இவர்களுக்குத் தெரியும். காலேஜ் ஸ்டேஷன் வந்த ஒரே வாரத்தில் இது எனக்குப் பிடிபட்டுவிட்டது.

11 நவம்பர் 2012

ஹா! நேற்று டஸ்கலூசாவில், முதலிடத்தில் இருந்த அலபாமாவை 29–24 என்று வீழ்த்தினோம். எஸ்.இ.சி.யில் எங்களைச் சவட்டிவிடுவார்கள், தோல்விதான் அதிகமாக இருக்கும் என்று பந்தயம் கட்டிய ஆஸ்டின் நண்பன் இன்று தொலைபேசியை எடுக்கவில்லை. ஒரு பிரியாணி வரவு.

9 டிசம்பர் 2012

எங்கள் ஜானி மான்ஸெலுக்கு ஹைஸ்மன் கோப்பை, கல்லூரி ஃபுட்பாலின் ஆகப் பெரிய தனிநபர் விருது. முதலாம் ஆண்டு ஆட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைப்பது இதுவே முதல் தடவை. நண்பன் அனுப்பிய வாழ்த்து: "சரி." அவ்வளவுதான்.

2 பிப்ரவரி 2013

இரண்டு அணிகளும் வருடாவருடம் ஆடியே தீர வேண்டும் என்று மாநில சட்டமன்றத்தில் மசோதா வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் எங்கள் பழைய மாணவர். மறுத்தால் விளையாட்டு உதவித்தொகையில் கை வைப்பார்களாம். பங்காளிகளைப் பஞ்சாயத்து வைத்துச் சேர்க்கப் பார்க்கிறார்கள். நடந்தால் என் ஐந்து வருடக் கணக்குக்கு நல்லது.

ஜூன் 2013

நடக்கவில்லை.

18 நவம்பர் 2014

இன்று ஜோக் வேண்டாம்.

டெக்சஸ் ஆட்டத்துக்கு முன்னால் ஏ அண்ட் எம் மாணவர்கள் பெரிய சொக்கப்பனை கொளுத்துவார்கள். மரம் வெட்டுவது, சுமப்பது, அடுக்குவது எல்லாம் மாணவர்களே. 1909-ல் குப்பைக்கூளத்தில் தொடங்கியது, பிறகு அடுக்கடுக்காக மரம் ஏறி மலை மாதிரி ஆனது. கென்னடி கொல்லப்பட்ட 1963-ல் மட்டும் கொளுத்தவில்லை. 1999 நவம்பர் 18, அதிகாலை 2:42-க்கு, சுமார் ஐயாயிரம் மரத்துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அது சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேருக்குக் காயம். பல்கலைக்கழக வளாகத்தில் அதற்குப் பிறகு கொளுத்துவதில்லை.

நான் வந்தது பத்து வருடம் கழித்து, 2009 ஆகஸ்டில். அந்த நவம்பரில் அறைத்தோழன் அதிகாலை ஒன்றரைக்கு எழுப்பினான். "எங்கே?" என்றேன். "வா" என்றான். சரிந்த இடத்தில் வட்டமாக நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு வாசல்கள். ஒவ்வொரு வாசலும் இறந்தவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் மெழுகுவத்தியோடு நின்றார்கள், இருமல் சத்தம்கூட இல்லை. எனக்கு யாரையும் தெரியாது. ஆனாலும் ஒரு வாசலில் நின்றுகொண்டு, இது நம் வீட்டுப் பிள்ளை என்றால் எந்தத் திசையில் திறந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

1999-ல் அந்த ஆட்டம் எட்டு நாள் கழித்து நடந்தது. ஆஸ்டினில் எங்களுக்கு எதிராக மெழுகுவத்தி ஏற்றிச் சாபம் விடும் கூட்டம் ஒன்று உண்டு. அந்த வருடம் அதை அஞ்சலிக் கூட்டமாக மாற்றினார்கள். இடைவேளையில் அவர்களுடைய வாத்தியக் குழு தொப்பியைக் கழற்றி நின்றது. 20–16, நாங்கள் ஜெயித்தோம். அந்தத் தொப்பி கழற்றியதைப் பற்றி எந்த ஆகியிடம் கேட்டாலும் குரல் மாறிவிடும். இன்றைக்கு அந்த ஆட்டமே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

19 நவம்பர் 2014

நண்பன் நேற்று ஒரு வரி அனுப்பினான்: "படிச்சேன்." அவன் வகுப்பில் கூடப் படித்த ஆஸ்டின்காரர் ஒருவர் 1999-ல் ஏ அண்ட் எம்மில் மாணவராக இருந்தாராம். மேலே எதுவும் பேசவில்லை.

25 நவம்பர் 2016

ஐந்து வருடம் முடிந்தது. ஆட்டம் இல்லை. ஒரு பிரியாணி கொடுத்ததோடு கணக்கு நேர்.

எங்கே தப்புக் கணக்குப் போட்டேன்? பணத்துக்காகச் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த ஆட்டம் இல்லாமலே இருவருக்கும் பணம் கொட்டுகிறது. நாங்கள் ஏறத்தாழ ஐம்பது கோடி டாலருக்கு கைல் ஃபீல்டைப் புதுப்பித்து 1,02,733 இருக்கை போட்டுவிட்டோம். அவர்களுக்குச் சேனல். பசி இருந்தால்தானே பங்காளி வீட்டுப் படி ஏறுவான்.

1 டிசம்பர் 2016

இந்தியா–பாகிஸ்தான் கிரிக்கெட் மாதிரியா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது நாடு, எல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. ஒப்பிடாதீர்கள். ஆனால் ஒன்று ஒத்துப்போகிறது: பொதுப் போட்டியில் மாட்டிக்கொண்டால் மட்டும் ஆடுவார்கள். 2014-ல் பேஸ்பாலில் அப்படித்தான் ஹூஸ்டனில் சந்தித்தோம். தோற்றோம். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

14 டிசம்பர் 2018

மறுபடியும் மசோதா! இந்த முறை நவம்பர் நான்காம் வியாழன், வெள்ளி, அல்லது சனி என்று நாளையே குறித்துவிட்டார்கள். இந்தத் தடவை நிறைவேறும், ஒரு பிரியாணி.

ஜூன் 2019

கேட்காதீர்கள்.

20 நவம்பர் 2019

பழைய கதை ஒன்று, இளைய வாசகர்களுக்காக. 1915-ல் நாங்கள் அவர்களை 13–0 என்று தோற்கடித்தோம். அடுத்த வருடம் அவர்கள் ஒரு நீளக்கொம்பு எருதைச் சின்னமாகக் கொண்டுவந்தார்கள். 1917-ல் எங்கள் ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போய் அதன் மேல் 13–0 என்று சூடு போட்டுவிட்டார்கள். அவமானம் தாங்காமல் அவர்கள் அந்த எண்களைத் திருத்தி BEVO என்று ஆக்கினார்கள். அப்படித்தான் பீவோ என்ற பெயர் வந்தது.

21 நவம்பர் 2019

திருத்தம். நேற்று எழுதியதன் கடைசிப் பாதி கட்டுக்கதை. சூடு போட்டது உண்மை. பெயர் வந்தது அதற்கு முன்பே, 1916 டிசம்பரில், அவர்களுடைய பழைய மாணவர் பத்திரிகையில். எனக்குப் பத்து வருடமாக இந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள். தமிழ் எழுத்துகளுக்கு நடுவே ஆங்கில எழுத்து வந்ததற்கும் சேர்த்து மன்னிப்பு. பீவோ என்றே படித்துக்கொள்ளவும்.

உண்மைக் கதைதான் இன்னும் ருசி. சொல்லப்போனால் நேரடியாகவே ருசி: வளர்க்கச் செலவாகிறது என்று 1920-ல் அந்த எருதைச் சுட்டு விருந்து வைத்துவிட்டார்கள். ஏ அண்ட் எம் ஆட்களையும் அழைத்து, 13–0 சூடு இருந்த பக்கத்துத் தோலை அவர்களிடமே கொடுத்தார்கள். சண்டை போட்டாலும் பந்தியில் இலை போடுகிற ஜனம்.

22 ஜூலை 2021

இரண்டு வருடமாக இங்கே எழுதவில்லை. நேற்று வந்த செய்தியைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி.க்கு வரப் பேசுகிறார்களாம்! யாரைப் பிடிக்காமல் வீட்டை விட்டு வந்தோமோ, அவனே பெட்டியோடு நம் வாசலில்.

பத்து வருடமாக ஆட வேண்டும் என்று எழுதியவன் நான். சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. டெக்சஸ் மாநிலத்தில் எஸ்.இ.சி. என்றால் நாங்கள் மட்டும்தான் என்பது எவ்வளவு பிடித்திருந்தது என்று நேற்றுத்தான் தெரிந்தது. எங்கள் நிர்வாகம் விடாது. பிரியாணி.

31 ஜூலை 2021

அவர்களைச் சேர்க்க எஸ்.இ.சி. பல்கலைக்கழகங்களின் 14–0 வாக்கு. அந்தப் பதினான்கில் எங்கள் கையும் ஒன்று.

நண்பனின் செய்தி: "வர்றோம். இலை போடு."

14 டிசம்பர் 2023

நாள் குறித்தாயிற்று. 30 நவம்பர் 2024, கைல் ஃபீல்டு. இவ்வளவுக்கும் நடுவில் எங்கள் ஃபுட்பால் பயிற்சியாளரை நீக்கியதற்கு எழுபத்தைந்து மில்லியன் டாலருக்கு மேல் ஒப்பந்தப் பாக்கி. வேலையை விட்டு அனுப்ப இவ்வளவு தருவார்கள் என்று தெரிந்திருந்தால் நான் பொறியியல் படித்திருக்க மாட்டேன்.

26 ஜூன் 2024

பேஸ்பால் இறுதியில் டென்னஸியிடம் தோற்றோம். அது முந்தாநாள். மறுநாளே எங்கள் பேஸ்பால் பயிற்சியாளர் வேலை மாறிவிட்டார். எங்கே? ஆஸ்டினுக்கு. ஆட்டம் தொடங்குவதற்கு ஐந்து மாதம் முன்பே பகை முழுசாகத் திரும்பிவிட்டது. நண்பன் பாவம், சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டான்.

1 டிசம்பர் 2024

17–7. தோற்றோம்.

டிக்கெட் மறுவிற்பனை விலையைப் பார்த்தேன், மடிக்கணினியை மூடினேன். இருந்தாலும் வீட்டில் உட்கார முடியவில்லை. ஹூஸ்டனிலிருந்து 290-ஆம் எண் சாலையைப் பிடித்து, வழியில் பக்-ஈஸ் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, ஆறாம் எண் சாலையில் காலேஜ் ஸ்டேஷன் போய்விட்டேன். வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ பெரிய டி.வி. வைத்திருந்தார்கள். முன்பின் தெரியாத குடும்பம், கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. ஆகி என்பவன் ஆட்டம் முடியும்வரை உட்காரக் கூடாது. 1922-ல் ஆட்கள் குறைந்தபோது கூட்டத்திலிருந்து இறங்கி, உடுப்பு மாட்டிக்கொண்டு கடைசிவரை ஓரத்தில் தயாராக நின்றானே கிங் கில், அவன் கணக்கு அது. பன்னிரண்டாவது ஆள். அரங்கத்துக்குள்ளே நின்றவர்களோடு வெளியே நானும் நின்றேன். நாற்பது வயது முழங்கால் இன்று பேசுகிறது.

ஆட்டம்? அவர்களுடைய ஆர்ச் மேனிங் உள்ளே வந்து ஓடியே டச்டவுன் போட்டான். எங்கள் ஒரே டச்டவுன், தடுப்பாட்டக்காரர் வில் லீ பந்தைப் பறித்துக்கொண்டு 93 யார்டு ஓடியது. அப்போது அரங்கத்திலிருந்து வந்த சத்தம் டி.வி.யை முந்திக்கொண்டு வந்தது. நாங்கள் திரையில் பார்ப்பதற்கு முன்பே காது சொல்லிவிட்டது. நான்காம் கால்பகுதியில் ஒரே ஒரு யார்டு தேவை. ஒன்றே ஒன்று. கிடைக்கவில்லை.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். தோளோடு தோள் கோத்து, அவர்கள் கொம்பை அறுப்பது போல இடமும் வலமும் ஆடுவோமே, அந்தப் பாட்டு டெக்சஸைத் திட்டி எழுதப்பட்டது. பன்னிரண்டு வருடம் அதை மிசிசிப்பிக்காரனையும் தென் கரோலினாக்காரனையும் பார்த்துப் பாடினோம். அடுத்த தெரு ஆளைத் திட்ட எழுதிய பாட்டை அயலூர்க்காரனிடம் பாடின மாதிரி. நேற்றுத்தான் பாட்டு அதன் முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது.

29 நவம்பர் 2025

11–0 என்று, அதாவது பதினோரு ஆட்டத்திலும் ஜெயித்து, ஆஸ்டின் போனோம். இரண்டு வாரம் முன்பு தென் கரோலினாவிடம் 30–3 என்று பின்தங்கி, 31–30 என்று ஜெயித்த அணி. இந்த வருடம் எதுவும் நம்மைத் தொடாது என்று நினைத்தேன். இங்கே எழுதவில்லை, ஆனால் நினைத்தேன்.

27–17. இரண்டாம் பாதியில் எல்லாம் போயிற்று. மறுபடி அதே மேனிங், 35 யார்டு ஓட்டம்.

22 டிசம்பர் 2025

முதன்முதலாக, தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப். கைல் ஃபீல்டிலேயே. மயாமியிடம் 10–3. டெக்சஸ் எங்களைத் தோற்கடித்தும் பிளே-ஆஃப் போகவில்லை, நாங்கள் அவர்களிடம் தோற்றும் போனோம், போய் இப்படி. நண்பன் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கும் ஏதோ வயதாகிறது.

4 ஜனவரி 2026

2026 ஆட்டம் பற்றி இங்கே கேள்வி மேல் கேள்வி. எஸ்.இ.சி.யில் இனி ஒன்பது லீக் ஆட்டங்கள், அதில் மூன்று எதிரிகள் நிரந்தரம். எங்களுக்கு டெக்சஸ், எல்.எஸ்.யூ., மிசூரி. அவர்களுக்கு நாங்கள், ஓக்லஹோமா, ஆர்கன்சா. ஆக, ஆட்டம் நடக்குமா என்ற கேள்விக்கு இனி வேலை இல்லை. 2011-ல் தொடங்கிய இந்தப் பக்கத்தின் தலைப்பே காலாவதி. மாற்றப்போவதில்லை.

இந்த வருடம் கைல் ஃபீல்டில். ஜெயிப்போமா? மொத்தக் கணக்கு: அவர்கள் 78, நாங்கள் 37, சமன் 5. கடைசியாக நாங்கள் ஜெயித்தது 2010, ஆஸ்டினில், 24–17. அன்று நண்பன் அறையில்தான் தங்கியிருந்தேன். ராத்திரி அவன் உப்புமா கிண்டிக் கொடுத்தான், வேண்டுமென்றே உப்பில்லாமல்.

5 ஜனவரி 2026

பிரியாணிக் கணக்கு கேட்டவர்களுக்கு. வரவு: 2012. பற்று: 2016, 2019, 2021, 2024, 2025. 2025-க்கு நான் பந்தயமே கட்டவில்லை என்று வாதாடிப் பார்த்தேன். மனசில் கட்டியது அவனுக்குத் தெரியுமாம்.

நான்கு பாக்கி. நவம்பரில் அவன் குடும்பத்தோடு வருகிறான். டிக்கெட் அவன் எடுப்பதாகச் சொல்கிறான். அரங்கத்தில் எங்கள் பக்கம் உட்கார வைத்தால் நான் நிற்பேன், அவன் உட்காருவான். அவனுக்கு முன்னால் ஆள் நின்றால் எதுவும் தெரியாது என்பதை இன்னும் சொல்லவில்லை.